தொண்டைக்கு வைக்கும் கரண்ட்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கையை, அடுத்தது காலை. "கை தூக்குறாரா? பிடிச்சுக்கிட்டு நடக்குறாரா?" என்று கேட்பார்கள். வாய் கோணியிருந்தால் அதைப் பற்றியும், பேச்சு குழறினால் அதைப் பற்றியும் பேச்சு வரும். தொண்டையை யாரும் விசாரிப்பதில்லை. மதுரையிலோ தேனியிலோ பெரியாஸ்பத்திரியில் சில நாள் கிடந்துவிட்டு, கொடைக்கானல் மலையேறிச் செண்பகனூருக்கு வீடு திரும்புகிற ஒருவருக்கு அடுத்த சில வாரங்களில் உயிராபத்து வருமானால், அது தொண்டை வழியாக வரும் வாய்ப்பு அதிகம்.

செண்பகனூர்க் குளிரில் வீட்டுக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கையில் கொடுப்பது சூடாக ஒரு டம்ளர் வரக்காப்பி. நோயாளி என்றால் இன்னும் பரிவோடு, தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றுவார்கள். பக்கவாதத்தால் தொண்டை தளர்ந்த ஒருவருக்கு உலகத்திலேயே விழுங்கக் கடினமானது அந்த நீர்த்த காப்பிதான். கெட்டியான உணவு வாயில் சற்று நின்று போகும், நீர் நிற்காது. தொண்டை ஆயத்தமாவதற்குள் அது உள்ளே ஓடிவிடும். படுத்திருப்பவருக்கு ஊற்றினால் இன்னும் வேகமாக ஓடும்.

விழுங்குவது எவ்வளவு சிக்கலான வேலை என்பது அது கெடும்வரை நமக்குத் தெரிவதில்லை. குரல்வளை மேட்டில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு சட்டென்று மேலேறி, சற்று முன்னால் தள்ளி, பிறகு இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் நடப்பவை இவை: நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறது. மேலண்ணத்தின் மென்பகுதி உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சுக்குழாயின் வாயை மூடுகின்றன. தாடைக்குக் கீழே குதிரை லாட வடிவில் இருக்கும் நாவடி எலும்பு மேலும் முன்னும் இழுக்கப்பட, அதோடு குரல்வளையும் ஏறுகிறது. குரல்வளை மூடி கவிழ்கிறது. எப்போதும் இறுக மூடியே இருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் தளர்ந்து திறக்கிறது. உணவு உள்ளே போனதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. பெரும்பாலும் வெளிமூச்சோடு சுவாசம் மறுபடி தொடங்குகிறது. இருபத்தைந்துக்கு மேற்பட்ட சோடித் தசைகளும் ஐந்து மூளை நரம்புகளும் இதில் பங்கெடுக்கின்றன. நாவடி எலும்புக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு: உடம்பில் வேறெந்த எலும்போடும் அது மூட்டுப்போட்டு இணையவில்லை, தசைகளிலும் தசைநார்களிலும் தொங்குகிறது. இந்த எலும்பு பின்னால் நம் கதைக்கு முக்கியமாகும்.

காற்றும் உணவும் ஒரே தொண்டையைப் பகிர்ந்துகொள்வதால் வரும் சங்கடம் இது. கொடைக்கானல் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் மேலேறும் பேருந்துக்காகக் கீழிறங்கும் வண்டி ஒதுங்கி நிற்பதுபோல், உணவு கடக்கும்வரை மூச்சு காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சொல்வது முகுளத்தில், அதாவது மூளையின் அடித்தண்டில் உள்ள நரம்பணுக் கூட்டம். அதற்குத் தொண்டையிலிருந்து ஓயாமல் செய்தி போய்க்கொண்டிருக்கிறது: என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது, சூடா, உறைப்பா, வழவழப்பா. அந்தச் செய்தி வரத் தாமதமானாலோ மங்கினாலோ தசைகள் நன்றாக இருந்தும் பயனில்லை. மின்சிகிச்சையை எடைபோட இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீட்டு வழக்கம். அந்த இருமல் ஒரு காவல். மூச்சுக்குழாய்க்குள் நுழையப் பார்த்த பருக்கையை அது வெளியே தள்ளுகிறது. பக்கவாதம் வந்த பலருக்கு இந்தக் காவல் இல்லாமல் போகிறது. காப்பி நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஒரு செருமல்கூட வராது. "நல்லாத்தான் குடிச்சார், இருமவே இல்லையே" என்று வீட்டார் நிம்மதிப்படுவார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும். குளிரில் சளி பிடித்துவிட்டது என்று மலையில் எல்லோரும் நினைப்பார்கள். அது நுரையீரல் அழற்சியாக இருக்கக்கூடும். பக்கவாதத்துக்குப் பின் வரும் மரணங்களுக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி மார்ட்டினோவும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005 இல் வெளியிட்ட கணக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. எளிய சோதனையில் நூற்றுக்கு 37 முதல் 45 பேருக்கு விழுங்கும் சிரமம் தெரிந்தது. எக்ஸ்ரே காணொளி போன்ற கருவிகளால் பார்த்தபோது அது 64 முதல் 78 பேர் வரை போனது. கண்ணுக்குத் தெரியாமல் தப்பிப் போகிறவர்கள் எவ்வளவு பேர் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் மூன்று மடங்கு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது உறுதியானவர்களுக்குப் பதினோரு மடங்குக்கும் மேல்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பிசியோதெரபி அறையில் தசைக்கு மின்தூண்டல் கொடுப்பதை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். முகவாதம் வந்து ஒரு கண்ணை மூட முடியாமல் போனவர்கள் அதை அனுபவித்திருப்பார்கள். தவளைக் காலை மின்பொறியால் துள்ளவைத்ததை லூயிஜி கல்வானி 1791 இல் எழுதினார். பிரான்ஸின் துஷேன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மனித முகத் தசைகளை ஒவ்வொன்றாக மின்முனையால் இயக்கிக் காட்டினார். தளர்ந்த தசைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கும். சுருங்கச் சுருங்க வலுவாகும் என்பது அன்றிலிருந்து வரும் எண்ணம். கைக்கும் காலுக்கும் செய்வதைத் தொண்டைக்கும் செய்தால் என்ன?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மார்சி ஃப்ரீட் என்ற பேச்சுப் பயிற்சியாளர் அதைத்தான் செய்தார். கழுத்தின் முன்புறம் சிறு பட்டைகளை ஒட்டி, நொடிக்கு 80 துடிப்பு வீதம், ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 2001 இல் வந்தது; அதே ஆண்டு அந்தக் கருவிக்கு அமெரிக்க அரசின் விற்பனை அனுமதியும் கிடைத்தது. வைட்டல்ஸ்டிம் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. ஆய்வில் சொல்லப்பட்ட வெற்றி மிகப் பெரியது. ஆனால் நோயாளிகளைக் குழுவாகப் பிரித்த முறை, முடிவை மதிப்பிட்ட முறை, ஆய்வு செய்தவரே கருவியின் கண்டுபிடிப்பாளர் என்பது, இவையெல்லாம் கேள்விக்குள்ளாயின.

அதைவிட முக்கியமான கேள்வியை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கிறிஸ்டி லட்லோவின் குழு எழுப்பியது. கழுத்துக்குக் கரண்ட் வைக்கும்போது உள்ளே உண்மையில் என்ன அசைகிறது என்று அவர்கள் எக்ஸ்ரே காணொளியில் பார்த்தார்கள். நாவடி எலும்பு மேலே போகும் என்றுதான் எதிர்பார்ப்பு. 2006 இல் நலமுள்ளவர்களிடமும், 2007 இல் நாட்பட்ட விழுங்கல் சிரமம் உள்ளவர்களிடமும் பார்த்தபோது, சும்மா இருக்கும் நிலையில் அது கீழே இறங்கியது. காரணம் எளிது. தோலுக்கு அடியில் முதலில் இருப்பது நாவடி எலும்பை மார்பெலும்போடு இணைத்துக் கீழே இழுக்கும் தசை. மேலே தூக்கும் தசைகளில் சில அதற்கும் ஆழத்தில் இருக்கின்றன. தோலின் மேல் வைக்கும் மின்சாரம் அருகில் உள்ளதைத்தான் முதலில் பிடிக்கும். தூக்கிவிட வேண்டிய எலும்பை அது கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

இதனால் அந்தச் சிகிச்சை வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. எலும்பைக் கீழே இழுக்கும் விசையை எதிர்த்து நோயாளி முயன்று விழுங்கும்போது, எடை தூக்கிப் பயிற்சி செய்வதன் பலன் கிடைக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. தாடைக்கு அடியில் மட்டும் பட்டை வைக்கும் முறையும் இருக்கிறது. தொகுப்பாய்வுகள் சொல்வது இது: விழுங்கும் பயிற்சியோடு சேர்த்துக் கரண்ட் வைத்தால், பயிற்சி மட்டும் செய்ததைவிடச் சற்று மேம்பாடு தெரிகிறது, பயிற்சி இல்லாமல் கரண்ட் மட்டும் வைத்தால் பயிற்சியை அது விஞ்சவில்லை. பட்டையை ஒட்டிவிட்டு நோயாளியைச் சும்மா படுக்கவைத்திருக்கும் இடத்தில் காசைக் கொட்டாதீர்கள் என்று இதைப் படித்தபின் என்னால் துணிந்து சொல்ல முடியும். கரண்ட் ஓடும்போது அவர் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒவ்வொரு விழுங்கலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தசையை விட்டுவிட்டு மூளையைப் பற்றி யோசித்த வழி இது. ஷஹீன் ஹம்தியும் சகாக்களும் 1990களில் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார்கள். மூளையின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் எதிர்ப்பக்கக் கையும் காலும் விழுந்துவிடும். விழுங்குவதற்கோ மூளையின் இரு பாதிகளும் கட்டளை அனுப்புகின்றன. அப்படியிருக்க ஒரு பக்கம் அடிபட்டவர்களில் சிலர் மட்டும் ஏன் விழுங்க முடியாமல் போகிறார்கள்? தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்து, தொண்டைத் தசையில் எழும் எதிர்வினையை அளந்து, பெருமூளைப் புறணியின் வரைபடத்தைத் தயாரித்தார்கள். இரு பாதிகளிலும் விழுங்கும் பகுதி இருந்தது, ஆனால் ஒன்று பெரியது, மற்றது சிறியது. எந்தப் பக்கம் பெரியது என்பது ஆளுக்கு ஆள் மாறியது. வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. பெரிய பக்கம் அடிபட்டவர்களுக்கு விழுங்குவது கெட்டது.

பிறகு பல வாரங்கள் கழித்துத் திரும்ப அளந்தார்கள். விழுங்கும் திறன் மீண்டவர்களிடம் அடிபட்ட பக்கம் பெரிதாக மாறவில்லை. அடிபடாத பக்கத்தில் இருந்த சிறிய பகுதி விரிந்திருந்தது. தொண்டைக்கு வந்த மீட்சி மூளையின் நலமான பாதி கற்றுக்கொண்டதால் வந்தது. அப்படியென்றால் அந்தக் கற்றலை விரைவுபடுத்த முடியுமா? தொண்டையிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியைக் கூட்டினால்?

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தொண்டைவரை இறக்கினார்கள். அதன்மேல் மோதிரம்போல் மின்முனைகள். தசை துள்ளுமளவுக்கு வேண்டாம், நோயாளி உணருமளவுக்கு மின்சாரம் போதும். எந்த வேகத்தில் கொடுப்பது என்று 2002 இல் வெளியான ஆய்வில் சோதித்தார்கள். நொடிக்கு 5 துடிப்பு, 10 நிமிடம் கொடுத்தபோது புறணியின் விழுங்கும் பகுதி கூடுதல் விழிப்படைந்தது. துடிப்பை 20, 40 என்று ஏற்றியபோது விழிப்பு குறைந்தது. இன்னொரு வியப்பு 2004 இல் வந்தது. அதே நொடிக்கு 5 துடிப்பை, தொண்டையில் கொடுக்காமல் வாயின் பின்புறம் உள்நாக்குக்கு இருபுறமும் உள்ள தூண் போன்ற மடிப்புகளில் கொடுத்தபோது விழுங்குவது தாமதமாயிற்று. அங்கே புறணியின் விழிப்பைக் கூட்டியது ஐந்து நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகம். அதே உறுப்பு, அதே மின்சாரம். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் பலன் தலைகீழ். "கரண்ட் வைத்தால் நல்லது" என்ற பொதுவான பேச்சுக்கு அறிவியலில் இடமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் கண்ட பலன் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குக் கிடைக்கிறதா என்பதுதான் கடைசிச் சோதனை. 162 நோயாளிகளோடு நடந்த ஸ்டெப்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2016 இல் வந்தது. பாதிப்பேருக்கு உண்மையான மின்தூண்டல், மீதிப்பேருக்குக் குழாயை மட்டும் இறக்கிவிட்டுப் பாவனை. இரு குழுவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பலருக்குப் போதிய அளவு மின்சாரம் போகவில்லை என்று ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பலன் தெரியவில்லை என்பதும் உண்மை.

இரண்டு ஆண்டு கழித்து வேறுவகை நோயாளிகளிடம் படம் மாறியது. கடுமையான பக்கவாதத்தால் மூச்சுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கப்பட்டவர்கள் அவர்கள். விழுங்க இயலாததால் அந்தக் குழாயை எடுக்க முடியாமல் கிடந்தவர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மருத்துவமனைகளில் ரைனர் ட்சீவாஸ் தலைமையில் 69 பேரிடம் நடந்த ஆய்வு 2018 இல் வெளியானது. நாளுக்கு 10 நிமிடம் வீதம் மூன்றே நாள் மின்தூண்டல். அதன்பின் குழாயை எடுக்கத் தகுதி பெற்றவர்கள் 35 பேரில் 17 பேர். பாவனைச் சிகிச்சை பெற்ற 34 பேரில் 3 பேர்தான். குழாய் நீங்கினால் பேச்சு திரும்பும், தீவிர சிகிச்சைப் படுக்கை விடுபடும், வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும். இன்று விழுங்கலுக்கான மின்சிகிச்சையில் எங்கே கால் ஊன்றி நிற்கலாம் என்று கேட்டால், இந்த இடத்தைத்தான் காட்ட முடியும். ஐரோப்பிய வல்லுநர் குழுவின் 2021 வழிகாட்டியும் இந்த நோயாளிகளுக்குத்தான் இதைத் துணிந்து பரிந்துரைக்கிறது. மற்றவர்களுக்கு ஆய்வின் பகுதியாகக் கொடுப்பதே நல்லது என்கிறது.

பக்கவாதத்தில் எந்தச் சிகிச்சையையும் எடைபோடும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. விழுங்கும் சிரமம் பாதிப்பேருக்கு மேல் முதல் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. இரண்டாம் வாரம் கரண்ட் வைத்து நான்காம் வாரம் சோறு சாப்பிட்டால், கரண்ட்தான் காப்பாற்றியது என்று குடும்பம் நம்பும். வைத்தவரும் மனதார நம்புவார். பாவனைக் குழு ஒன்றை வைத்து ஒப்பிடாமல் உண்மை வெளிவராது. 41 ஆய்வுகள், 2,660 நோயாளிகள் என்று விழுங்கல் சிகிச்சைகள் எல்லாவற்றையும் 2018 இல் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, இந்தச் சிகிச்சைகள் மரணத்தையோ பிறர் உதவியால் வாழும் நிலையையோ குறைத்ததாகக் காணவில்லை. மார்புச் சளித்தொற்று குறையலாம், மருத்துவமனை நாட்கள் குறையலாம் என்ற அளவில் நின்றது. அதற்கும் சான்று வலுவாக இல்லை என்றது.

இங்கே மிளகைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. தாண்டிக்குடிப் பக்கம் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் கொடியேறிக் கிடக்கிறதே, அதே மிளகு. மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரினும், மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் தொண்டையின் உணர்வு நரம்பு முனைகளைத் தட்டி எழுப்புகின்றன. ஸ்பெயினில் பெரே கிளாவேயின் குழு பைப்பரின் கலந்த திரவத்தைக் கொடுத்துப் பார்த்தபோது விழுங்கும் எதிர்வினை விரைவுபட்டது. ஜப்பானில் முதியோர் இல்லவாசிகளுக்கு மிளகெண்ணெயை முகரக் கொடுத்தே விழுங்கும் தாமதத்தைக் குறைத்ததாக 2006 இல் ஒரு ஆய்வு வந்தது. குரல்வளை பார்க்கும் சிறு கண்ணாடியைக் குளிரவைத்து, அதனால் தொண்டைத் தூணைத் தொட்டுத் தூண்டும் பழைய முறையும் உண்டு. குளிர், காரம், மின்சாரம் எல்லாம் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன: தொண்டைக்கு உணர்வு திரும்பட்டும், மூளை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் நோயாளிக்கு மிளகு ரசத்தை ஊற்றிவிட வேண்டாம். ரசம் நீர், காரமான நீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் துன்பம் இரட்டிப்பாகும்.

மலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதிலெல்லாம் என்ன கிடைக்கும்? கழுத்துக்குக் கரண்ட் வைக்கும் கருவிக்குப் பெரும்பாலும் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்க வேண்டும். செண்பகனூரிலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். பாதி உடம்பு விழுந்தவரை வளைவு வளைவாக இறக்கி ஏற்றுவது சாதாரணச் செலவல்ல, சாதாரண வலியுமல்ல. அந்தப் பயணத்துக்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடியவற்றின் பலன் மின்சாரத்தைவிட உறுதியானது.

ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் நடத்திய ஆய்வு 2011 இல் வந்தது. செவிலியர்கள் மூன்றே விஷயங்களை முறையாகப் பார்த்துக்கொண்டார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல். வாயில் எதையும் கொடுக்கும் முன் விழுங்கலைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறவர்களும் வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம். இந்தக் கவனிப்பில் 42 சதவீதம். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அங்கே இல்லை.

சோதனை என்றால் என்ன? நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, விழிப்பாக இருக்கிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா, விருப்பத்தோடு இருமச் சொன்னால் இருமுகிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு சிறு கரண்டி கெட்டியான உணவு, அதன்பின் சிறிது சிறிதாக நீர் என்று கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் கரகரவென்று ஈரமாக மாறுகிறதா என்று கவனிப்பார்கள். ஆஸ்திரியாவில் 2007 இல் உருவான குஸ் என்ற சோதனை இந்த வரிசையில்தான் போகிறது. பயிற்சி பெற்ற செவிலியர் படுக்கை ஓரத்திலேயே செய்துவிடலாம். வீடு திரும்பும்முன் "விழுங்குறதை சோதிச்சீங்களா?" என்று கேட்பது நோயாளி வீட்டாரின் உரிமை.

கஞ்சியின் பக்குவத்தையும் அளக்க முடியும். இப்போது உலகப் பொதுவாக உள்ள அளவுமுறையில் ஒரு 10 மில்லி ஊசிக்குழல் போதும். அதன் அளவுக்கோடுகள் பூஜ்யத்திலிருந்து பத்துவரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். உள்தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி கஞ்சி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி விட வேண்டும். எல்லாம் ஓடிவிட்டால் அது நீர். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் சற்றுக் கெட்டி, 4 முதல் 8 வரை மிஞ்சினால் நடுத்தரம், 8க்கு மேல் மிஞ்சினால் நல்ல கெட்டி. எந்த நிலை ஒருவருக்குப் பொருந்தும் என்பதைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியானால் தொண்டையில் தேங்கும், குடிக்கும் நீரின் அளவும் குறையும். கேழ்வரகுக் கூழ் அடுப்பிலிருந்து இறக்கியபோது ஒரு பதம், செண்பகனூர்க் குளிரில் கால் மணி நேரம் கழித்து வேறு பதம். கொடுக்கும் சூட்டில்தான் அளக்க வேண்டும். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துக் கஞ்சியை நீர்த்துப்போகச் செய்யும். நோயாளிக்கு ஆகாரம் என்றாலே நாம் கொடுக்கும் ரசம் சாதம் இவர்களுக்கு மிகவும் சிக்கலானது. நீரும் பருக்கையும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் ஓடும். குழைய மசித்த தயிர்சாதம் அதைவிட ஒத்துப்போகும்.

மூக்கில் டியூப் வைத்தால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. உணவு குழாயில் போகும். எச்சில் எப்போதும்போல் தொண்டையில்தான் இறங்கும். அந்த எச்சிலில் உள்ள கிருமிதான் நுரையீரலைக் கெடுக்கிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002 இல் வெளியான ஆய்வில், சாப்பாட்டுக்குப் பின் ஒழுங்காகப் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் நுரையீரல் அழற்சி வந்தவர்கள் 11 சதவீதம். அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 19 சதவீதம். டியூப் வைத்தவருக்கும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும், வாயை நாளுக்கு இருமுறையாவது துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இணையத்தில் விற்கும் வலிநீக்கி மின்பட்டைகளை வாங்கிக் கழுத்தில் ஒட்டிப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் உடனே கைவிடுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் கழுத்துத் தமனியில் இரத்த அழுத்தத்தை உணரும் பகுதி இருக்கிறது. அங்கே மின்சாரம் பட்டால் இதயத்துடிப்பு சரியக்கூடும். குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பாசம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய அட்டெண்ட் ஆய்வில், இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப்பேரின் வீட்டில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுவுக்கும் வேறுபாடில்லை என்று 2017 இல் முடிவு வந்தது. குடும்பத்தின் கையில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அரசும் மருத்துவமனையும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

தமிழ்நாட்டில் அதற்கான வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலிநிவாரணக் கவனிப்பும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதை 2024 இல் பெற்ற திட்டம் இது. வாசல்வரை வருகிற அந்தப் பணியாளர்களுக்கு விழுங்கும் சோதனையையும், வாய்ச் சுத்தத்தையும், கஞ்சிப் பதம் பார்ப்பதையும் கற்றுக்கொடுங்கள். பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் ஒருவரை மலைப்பகுதிக்கென்று மாதம் சில நாளாவது அனுப்புங்கள். நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் தொண்டையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை அந்த டம்ளரை வாயருகே கொண்டுபோகாதீர்கள்.